தமாமுக்குப் போன கேசட்டுகள்

போல்டோவின் மனைவி நிங் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வருகிற சனிக்கிழமை துக்கம் முடிந்து கறுப்பு உடை கழற்றுகிற விருந்து. இந்த ஒரு வருஷத்தில் போல்டோ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை யாரும் பார்க்கவில்லை. அதைத் தெரு சும்மா விடுமா? "சவூதி வெயில்ல கிடந்த மனுஷன், உள்ள எல்லாம் காஞ்சு போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போல்டோவும் மூடப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் ஜெபத்திலும் சரி, நாற்பதாம் நாளிலும் சரி, பிளாஸ்டிக் நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தால் குடித்தார். தட்டு கொடுத்தால் தின்றார். தோளைத் தட்டியவர்களிடம், "ஆமா, நல்லவதான்" என்றார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அவரே எட்டிப் பார்த்ததுண்டு. ஒன்றும் தென்படவில்லை.

மகள் மாரிவிக் வேறு ரகம். பள்ளிக்கூடத்துக் கேன்டீன் நடத்துகிறவள், வாய் கொஞ்சம் நீளம். விருந்துக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அம்மா பேசினா எப்படி இருக்கும்?"

"ஏன், உன்னை மாதிரித்தான்."

"என்னை மாதிரின்னா? கட்டைக் குரலா, கீச்சுக் குரலா?"

"உன்னை மாதிரித்தான்னு சொல்றேனே."

"நான் பேசினா வாத்து கத்துற மாதிரி இருக்குன்னு நீங்கதான சொல்வீங்க. அப்ப அம்மாவும் வாத்தா?"

போல்டோ பூண்டுத் தோலை ஒதுக்கினார்.

"அம்மா திட்டினது எல்லாம் வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்குப்பா. அந்தக் குரல்தான் வர மாட்டேங்குது. நெனச்சுப் பாத்தா என் குரல்லயே கேக்குது. சனிக்கிழமைக்குள்ள ஒரு தடவை கேக்கணும். ஒரே ஒரு வார்த்தை போதும்."

போல்டோவுக்கும் ஞாபகம் இல்லை என்பதுதான் விஷயம். கட்டிய பெண்டாட்டியின் குரல் மறந்துபோச்சு என்று மகளிடம் எந்த வாயால் சொல்வது? அதனால்தான் "உன்னை மாதிரி" என்று அடித்துவிட்டார்.

நிங் ஊமையாகப் பிறந்தவள் இல்லை. நன்றாகப் பேசுவாள், மீன் சந்தையில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது என்பார்கள். ஆனால் போல்டோ சவூதியில், தமாமில் குழாய் பொருத்துகிற வேலையை முடித்துவிட்டு, தலைமுடி நரைத்து, புலிப்படம் போட்ட கம்பளிகளோடு ஒரேயடியாகச் சொந்த ஊரான ஹகோனாய்க்குத் திரும்பி வந்த வருஷமே, சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். பக்கவாதம். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின, பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேச அவளுக்குக் கிடைத்தது ஒரு கோடைக்காலம். அந்தக் கோடையிலும் நம்ம ஆள் என்ன செய்தார்? ஊரில் நண்பர்களோடு ஜின் குடித்தார், மத்தியானம் டி.வி. போட்டி நிகழ்ச்சி பார்த்தார், தூங்கினார். இனிமேல் காலமெல்லாம் பேசத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

மாரிவிக்கின் போனில் அம்மாவின் வீடியோ ஐம்பதுக்கு மேல் இருக்கும். பிறந்தநாள் கேக் வெட்டுகிறாள், கிறிஸ்துமஸுக்குத் தொப்பி போட்டுக்கொள்கிறாள், பேத்தி ஆடச் சொன்னால் தோளைக் குலுக்குகிறாள். ஒன்றிலும் சத்தம் இல்லை. மற்றவர்கள் சிரிக்கிற சத்தம்தான்.

"கேசட்!" என்றாள் மாரிவிக், கையிலிருந்த பூண்டைப் போட்டுவிட்டு. "அம்மா உங்களுக்குக் கேசட்டுல பேசி அனுப்புவாங்களே! டின் நிறைய இருக்குமே!"

தெருவில் அப்போது டெலிபோன் கிடையாது. நகராட்சிப் பக்கம் போய் வரிசையில் நின்று பேசினால் மூன்று நிமிஷத்தில் ஒரு வாரச் சாப்பாடு போய்விடும். அதனால் சவூதிக்குப் போன வீட்டில் எல்லாம் கேசட் பேச்சுதான். விடுப்பில் வருகிறவன் ஒரு பை நிறைய ஊராருடைய கேசட்டுகளைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பான், திரும்பும்போது அதே மாதிரி வாங்கிப்போவான். நிங் கதவைச் சாத்திக்கொண்டு, படுக்கையில் ரெக்கார்டரை வைத்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுவாள். வெளியே சேவல் கூவும், மீன் விற்கிறவன் கத்துவான், டிரைசிக்கிள் இரையும். சவூதி கேம்ப்பில் அதைக் கேட்கிற ஆம்பிளைகளுக்குச் சேவல் சத்தத்துக்கே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அந்தக் காலத்து மத்தியானம் ஒரு தனி மத்தியானம், சும்மா சொல்லக் கூடாது. தெருவின் இந்த முனையில் செருப்பைப் போட்டு அந்த முனைக்கு நடந்தால், ஒரு வீட்டு ரேடியோ விட்ட நாடக வசனத்தை அடுத்த வீட்டு ரேடியோ பிடித்துக்கொள்ளும், கதையில் ஒரு வரி தவறாது. துணி துவைக்கிற பெண்கள் வில்லியைத் திட்டிக்கொண்டே துவைப்பார்கள். பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் படக்கதைப் புத்தகங்கள் தொங்கும். சில்லறை கொடுத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தொங்கவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அப்புறம் யாரோ ஒரு சவூதிக்காரன் கலர் டி.வி. கொண்டுவந்தான், ஜன்னல் கம்பியில் முகங்கள் மொய்த்தன. அப்புறம் வீடியோக் கடை வந்தது. அப்புறம் கரோக்கி. இப்போது ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு திருகாணி. பேத்தி கொரியாக்காரன் நாடகத்தைப் பார்த்து அழுகிறாள், அவள் எதற்கு அழுகிறாள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. போல்டோவுக்கு இதில் வருத்தமா என்றால் அதுவும் இல்லை. போனது போச்சு என்பார். எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில்.

டின்னைத் தேடி எடுத்தார்கள். கடல் நீர் ஏறி ஏறி வீட்டுத் தரையை மூன்று தடவை உயர்த்திக் கட்டியதில், அலமாரிக்கு மேல், கூரைத் தகரத்தை ஒட்டி, பிஸ்கட் டின் பத்திரமாக இருந்தது. திறந்தால் பூஞ்சை வாடை. உள்ளே பதினைந்து இருபது கேசட்டுகள். ஆனால் போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் இல்லை. போல்டோ கொண்டுவந்த பெரிய ரெட்டை ஸ்பீக்கர் ரெக்கார்டர் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

"டிபோ மாமா கிட்ட இருக்கும்" என்றாள் மாரிவிக்.

டிபோ என்பவர் போல்டோவோடு தமாமில் ஒரே அறையில் மேல்கட்டிலில் படுத்தவர். மாரிவிக்கின் மகளுக்கு ஞானத்தகப்பன். இப்போது கரோக்கிப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறார். பிறந்தநாள், சாவு, எலக்‌ஷன் எதுவானாலும் தெருவில் பாட்டுச் சத்தம் வந்தால் அது டிபோவின் பெட்டிதான். மறுநாள் காலை கடல் ஏறி, தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அப்பாவும் மகளும் டின்னைத் தூக்கிக்கொண்டு டிபோவின் கடைக்குப் போனார்கள்.

"வாடா வாடா, மைனர்!" என்றார் டிபோ. "என்னடா அது, பிஸ்கட்டா? பல்லு இல்லாதவனுக்குப் பிஸ்கட் கொண்டாந்திருக்கியா?"

விஷயத்தை மாரிவிக் சொன்னாள். டிபோவின் கிண்டல் அடங்கிவிட்டது. கேசட் ஓடுகிற பழைய கரோக்கிப் பெட்டி ஒன்றை இழுத்துவந்து, தூசி தட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். தளர்ந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றினார். முதல் கேசட்டைப் போட்டார்.

கரகரவென்று ஒரு இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல், இளசு, அவசரமாக:

"நிங், கேக்குதா? நான்தான். கூரைத் தகரம் மாத்தினியா? உன் தம்பி வந்து கேட்டான்னா இல்லன்னு சொல்லிடு. மாரிவிக் படிக்கிறாளா? அப்புறம்..."

"அய்யோ, யாருடா இந்த ஹெட்மாஸ்டர்?" என்றார் டிபோ.

போல்டோ தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ மாதிரி இருந்தது.

அடுத்த கேசட். அதிலும் போல்டோ. சம்பளம் தள்ளிப் போகிறது, முழங்கால் வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடாதே. அடுத்தது. அதிலும் போல்டோ. மாரிவிக் திருப்பிப் போடச் சொன்னாள். பின்பக்கமும் போல்டோ. டின் பாதிக்கு வந்தபோது அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"என்னப்பா இது, எல்லாம் நீங்களே பேசறீங்க? அம்மா எங்க?"

போல்டோவுக்கு அப்போதுதான் விளங்கியது. வருஷக்கணக்காகச் செய்த காரியம், ஒரு தடவைகூட அவர் அதை யோசித்ததில்லை. புதுக் கேசட்டுக்கு யார் காசு செலவழிப்பார்கள்? நிங் பேசி அனுப்புவாள். அவர் கேட்டு முடித்ததும் பின்னால் சுற்றி, அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவார். அவள் அதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பேசுவாள். சிலேட்டில் எழுதி அழிப்பது மாதிரிதான். எல்லாச் சவூதி வீட்டிலும் அப்படித்தான். கடைசியில் வீட்டில் தங்கியது அவர் அனுப்பிய பதில்கள். அவள் பேசியதையெல்லாம் அழித்தது அவர் வாய்.

"அது மேலயேதான் பேசுவோம்மா" என்றார். "கேசட் வீணாக்கக் கூடாதுன்னு."

 மாரிவிக் மீதியையும் போடச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினாள். ஒரு கேசட்டில் அந்த இளசுக் குரல் சொன்னது:

"நிங், நீ பேசறத கொஞ்சம் சுருக்கிக்க. 'வாதாமரத்து வீடு' நாடகத்த நெறைய புடிச்சு அனுப்பு. போன தடவ பாதியில நின்னு போச்சு, இங்க பசங்க என்கூட சண்டைக்கு வர்றாங்க. ரேடியோ பக்கத்துல வச்சுப் புடி. புடிக்கும்போது பேசாத, குழந்தைய சத்தம் போட விடாத, வசனம் கேக்க மாட்டேங்குது."

டிபோ தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பசங்களில் முதல் ஆள் அவர்தான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்து, ஆப்பிள் டீ வைத்துக்கொண்டு, நாடகத்து நாயகி லிகாயா படுகிற பாட்டைக் கேட்பார்கள். மாமியார் டோன்யா உர்சுலா வாயைத் திறந்தால் செருப்புப் பறக்கும். பிள்ளை பெற்றதைப் பார்க்காத ஆம்பிளைகள், அம்மா சாவுக்குப் போக முடியாத ஆம்பிளைகள், எல்லாம் லிகாயாவுக்காக அழுவார்கள். போல்டோவும் அழுதிருக்கிறார். அவர் அழுதது அங்கேதான்.

டின் காலியானது. டிபோ எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்து, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். கையில் ஒரு கேசட்.

"என்னடா?" என்றார் போல்டோ.

"கோவப்படாத. இது உன்னுது."

"என்னுதா?"

"கடைசி நாள் எபிசோட். எல்லாரும் கேட்டு முடிச்சப்புறம், நீ டூட்டிக்குப் போனப்ப எடுத்து வச்சுக்கிட்டேன். லிகாயா மேல எனக்கு ஒரு இது இருந்துச்சுடா. நீ மேல பேசி அழிச்சுடுவியேன்னு மறுபடி பதிய முடியாதபடி கேசட் முதுகுல இருக்கற பல்ல உடைச்சுட்டேன். அப்புறம் சொல்ல வெக்கம், கொடுக்க வெக்கம்."

"அடப்பாவி! நம்ம ரூம்ல இருந்த செபுத் தீவுக்காரன் எடுத்துட்டான்னு ரெண்டு வருஷம் நான் அவன்கூடப் பேசலையேடா!"

"அவன் என்கிட்டகூட ஒரு தடவ சொல்லி அழுதான்" என்றார் டிபோ. "அப்பவும் நான் சொல்லல."

மாரிவிக் கேசட்டைக் கையில் வாங்கினாள். மேலே ஒட்டிய தாளில் நிங்கின் சாய்ந்த கையெழுத்து: வாதாமரத்து வீடு, கடைசி நாள்.

"இது மேல யாரும் பேசல" என்றாள் மாரிவிக்.

"பேசல. அப்படியே இருக்கு."

"நாடகம் முடிஞ்சதும் கடைசியா ரெண்டு வார்த்தை பேசுவா" என்றார் போல்டோ. "எப்பவும் பேசுவா."

டிபோ மெதுவாகப் போட்டார். சலவை சோப்பு விளம்பரப் பாட்டு. வயலின். இடி மழை. பிறகு லிகாயா வந்துவிட்டாள், நேற்றுப் பேசியது மாதிரி தெளிவாக. ரேடியோவை ஒட்டி வைத்துப் பிடித்திருக்கிறாள் நிங், ஒரு வார்த்தை தவறவில்லை. சேவல்கூட இல்லை. ஜன்னலையெல்லாம் சாத்தியிருக்க வேண்டும், அந்த வெயிலில்.

பாதி நாடகத்தில் டோன்யா உர்சுலா ஒரு மூச்சு விட்ட இடைவெளியில் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"அம்மா, நானும் அப்பாகிட்டப் பேசட்டா?"

மாரிவிக் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

உடனே, ரெக்கார்டருக்கு வெகு பக்கத்தில், ஒரு கிசுகிசுப்பு:

"ஸ்ஸ். பேசாத. அப்பாவுக்குக் கதை வேணும்."

அவ்வளவுதான். லிகாயா தொடர்ந்து அழுதாள்.  நாடகம் முடிந்தது. கடைசி நாள் என்பதால் நீண்டுவிட்டது போல. வயலின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து பெட்டி டக்கென்று நின்றது. நிங் பேசுகிற ரெண்டு வார்த்தைக்கு இடமில்லை.

டிபோ திருப்பிப் போட்டார். பின்பக்கம் காலி, வெறும் இரைச்சல்.

"அந்த எடத்த இன்னொரு தடவ போடுங்க மாமா" என்றாள் மாரிவிக்.

போட்டார். ஸ்ஸ். பேசாத. அப்பாவுக்குக் கதை வேணும். இன்னொரு தடவை. வார்த்தைகள் இருந்தன, குரல் இல்லை. கிசுகிசுத்தால் எந்தப் பெண்ணும் ஒரே மாதிரிதானே. கட்டைக் குரலா, கீச்சுக் குரலா, அதில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த நாடகக்காரங்க சத்தத்தக் கொஞ்சம் கொறைக்க முடியாதாடா?" என்று கேட்டார் போல்டோ. "அவ மூச்சு விடறது கேக்குது. அத மட்டும் கேக்கலாம்."

"எல்லாம் ஒண்ணாப் பதிஞ்சது. பிரிக்க முடியாதுடா."

மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை டிபோ நிறுத்த மறந்துவிட்டார். கிசுகிசுப்பைத் தாண்டி நாடகம் போய்க்கொண்டிருந்தது. மாரிவிக் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தாள். காதைக் கொடுத்தாள். ஜெபம் இல்லை.

"கதவைத் திறக்க வேண்டாம், டோன்யா. நான் உள்ளே வரவில்லை. இந்த வீட்டில் என் கண்ணீர் விழாத இடம் அந்த மரத்தடி ஒன்றுதான், அதைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன்."

லிகாயா சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் போல்டோ சொன்னார். லிகாயா எங்கே இழுப்பாளோ அங்கே இழுத்தார், எங்கே உடைவாளோ அங்கே அவர் குரலும் உடைந்தது. தான் சொல்வது அவருக்கே தெரியவில்லை.

டிபோ பெட்டியை நிறுத்தினார்.

"முழுசும் ஞாபகம் இருக்காப்பா?" என்றாள் மாரிவிக்.

போல்டோ விழித்துக்கொண்டவர் மாதிரி பார்த்தார். "இருக்கு."

"லிகாயா குரல்கூட?"

"இருக்கு. கொஞ்சம் மூக்கால பேசுவா. 'ர'வ அழுத்திச் சொல்வா. கோவம் வந்தா சத்தம் கீழ போகும், மேல போகாது."

"அம்மா குரல்?"

தெருவில் ஒரு டிரைசிக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அலை வந்து கடைப் படியில் தட்டியது.

"இல்லம்மா" என்றார். "உன்னை மாதிரின்னு சொன்னது பொய். எனக்கு ஞாபகம் இல்ல. அவ போறதுக்கு முன்னாலயே இல்ல. பக்கத்துல உக்காந்து எத்தனையோ நாள் நெனச்சுப் பாத்திருக்கேன், வரல."

அழுகை வரும் என்று டிபோ எதிர்பார்த்தார். துண்டைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார். வரவில்லை. போல்டோவின் முகம் அப்படியே இருந்தது.

மாரிவிக் கேசட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். தளர்ந்து வெளியே தொங்கிய நாடாவை விரலால் மெல்லச் சுற்றி உள்ளே விட்டாள். அம்மா கையெழுத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கேலியாகவும் இல்லை.

"கதை நல்லாருந்துச்சாப்பா?"



"நல்லாருந்துச்சும்மா" என்றார்.